அயலூரில் ஒரு பெயர்

(பொங்கலையொட்டி சீயமங்கலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடைக்கு வருவதற்கு முன் தூணாண்டார் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். முன்மண்டபங்களைக் கடந்து உள்ளே போனால் குளிர்ந்த பாறை. அந்தப் பாறையைக் குடைந்து கோயிலாக்கியவன் மகேந்திரவர்மப் பல்லவன். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஆகின்றன. லளிதாங்குரன் என்ற தன் பட்டப்பெயரையும், அவனிபாஜன பல்லவேசுவரம் என்று கோயிலுக்கு இட்ட பெயரையும் அவன் வடமொழியில் வெட்டி வைத்திருக்கிறான். தூணின் மேல்பகுதியில் ஆடும் சிவன் இருக்கிறார். தமிழ்நாட்டுக் கல்லில் செதுக்கிய ஆடல்வல்லான் உருவங்களில் மிகப் பழையவற்றில் அது ஒன்று. ஆனால் அவனிபாஜன பல்லவேசுவரத்துக்கு வழி எது என்று கேட்டால் இங்கே யாருக்கும் தெரியாது. தூணாண்டார் கோயில் என்றால் குழந்தைகூட கைகாட்டும். அரசன் வைத்த பெயர் கல்லில் இருக்கிறது. ஊர் வைத்த பெயர் வாயில் இருக்கிறது.

பக்கத்துப் பாறையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. பாகுபலியும் பார்சுவநாதரும் அங்கே நிற்கிறார்கள். அங்குள்ள கல்வெட்டு கங்க அரசன் இராசமல்லன் பெயரைச் சொல்கிறது. சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893-ஐ ஒட்டிய காலம். கங்கர்கள் கன்னட நாட்டுக்காரர்கள். அங்கிருந்து வந்த ஒரு பெயரும் நம் பாறையில் இடம்பிடித்துவிட்டது. சீயம் என்றால் சிங்கம். சிங்கத்தின் பெயரைத் தாங்கிய இந்த ஊருக்குப் பெயர்களைக் காப்பாற்றி வைக்கும் வழக்கம் இருக்கிறது. அதனால்தான் இன்று பெயரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, வெளிநாட்டு வாழ்க்கையின் துன்பமும் பயனும். நான் செஞ்சிப் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துவிட்டு 1994-இல் சவுதி அரேபியாவுக்குப் போனேன். அங்கே ஒன்பது ஆண்டு. பிறகு சிங்கப்பூரில் எட்டு ஆண்டு. பதினேழு ஆண்டுகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. அயலூருக்குப் போகிறவன் முதலில் இழப்பது தன் பெயரை. அங்கே அவன் சம்பாதிக்க வேண்டியவற்றுள் பெரியதும் அந்தப் பெயர்தான். மற்ற துன்பங்களும் பயன்களும் அதைச் சுற்றியே வருகின்றன.

நம் செஞ்சியிலிருந்தே தொடங்குகிறேன். செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியப் படைத்தளங்கள் என்ற வரிசையில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடையது. சிவாஜி 1677-இல் செஞ்சியைப் பிடித்தார். ராய்கட்டை முகலாயர் முற்றுகையிட்டபோது அவர் மகன் இராஜாராம் அத்தனை தூரம் தப்பி வந்து, ஏறத்தாழ எட்டு ஆண்டு இந்த மலையிலிருந்து ஆட்சி நடத்தினார். சொந்த மண்ணை விட்டு வந்தவருக்குச் செஞ்சி அடைக்கலம் கொடுத்தது.

அவருக்குப் பின் முகலாயர் கைக்குக் கோட்டை போனது. ஔரங்கசீப் அதைப் பந்தேல்கண்டைச் சேர்ந்த சொரூப்சிங் என்பவரிடம் ஒப்படைத்தார். எங்கோ வடக்கே வறண்ட மலைநாட்டில் பிறந்தவர். மொழி வேறு, சோறு வேறு, சாமி கும்பிடும் முறையும் வேறு. இன்றைய பேச்சில் சொன்னால் வேலைக்காக வெளியூர் வந்த குடும்பம். அவருடைய மகன் தேஜ்சிங். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714 அக்டோபரில் போர்க்களத்தில் மடிந்தான். இளைஞன். ஓராண்டுகூட ஆளவில்லை. அவனோடு உடன்கட்டை ஏறிய மனைவியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது.

தேஜ்சிங் என்ற பெயர் நம் நாக்கில் புரளவில்லை. தேசிங்கு என்றோம். தேசிங்குராஜன் என்று கதைப்பாடல் கட்டினோம். நீலவேணி என்று அவன் குதிரைக்கும் பெயர் சொன்னோம். மணக்கோலத்தில் இருந்த நண்பன் மகமத்கான், தாலி கட்டும் நேரத்தில் செய்தி கேட்டுப் போருக்கு ஓடி வந்தான் என்று பாடினோம். சிங்கவரம் அரங்கநாதரை அவனுக்குக் குலசாமி ஆக்கினோம். அப்பன் அயலான். மகன் நம்மவன். ஒரே தலைமுறை! வந்தவனின் பெயரைத் தன் நாக்குக்கு ஏற்ப வளைத்து, அவனைத் தன் பிள்ளையாக்கிக்கொண்ட மண் இது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் இதற்கு வருவேன்.

இனி என் கதை. ஏஜெண்டுக்கு 45,000 ரூபாய் கட்டினேன். மூன்று வட்டிக்கு வாங்கிய பணம். சம்பளம் 600 ரியால். அன்றைய மதிப்பில் சுமார் 5,000 ரூபாய். முதல் ஓராண்டுச் சம்பளம் முழுவதும் வட்டிக்கும் முதலுக்குமே போனது. பம்பாயில் பத்து நாள் ஒரு லாட்ஜில் காத்திருந்து விமானம் ஏறினேன். தம்மாமில் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். கையில் இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி வந்தது. அதில்தான் என் பெயர் முதன்முதலாக மாறியது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். அது அழகான வழக்கம். சாதிப் பெயரை வெட்டி எறிந்த ஒரு சமூகம் பெருமையோடு வைத்துக்கொண்ட வழக்கம். ஆனால் உலகத்தின் படிவங்களில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று காலியாக இருந்தால் அவர்கள் விடுவதில்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் இந்தியர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, இங்கே எத்தனையோ பேர் விமான நிலையத்தில் தவித்தார்கள். அமெரிக்காவுக்குப் போகும் ஒற்றைப் பெயர்க்காரர்களின் விசாவில், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் மூன்று எழுத்துகளை அச்சிடுகிறார்கள். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அங்கே தெரியாத பெயர் ஆகிவிடுகிறது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டிருந்தார்கள். அதனால் கம்பெனிப் பட்டியலில் நான் அப்பாவின் பெயரில் இருந்தேன். தினமும் காலை நாலரைக்குக் கேம்ப் வாசலில் பஸ் நிற்கும். போர்மேன் பட்டியலைப் பார்த்து அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார். நான் கையைத் தூக்குவேன். பட்டியல் இல்லாத இடத்தில் அந்தப் பெயரும் இல்லை. கடைக்காரர், டிரைவர், வழியில் போகிறவர் எல்லாருக்கும் நாங்கள் "ரஃபீக்". அரபு மொழியில் அதற்கு நண்பன், தோழன் என்று பொருள். நல்ல சொல்தான். ஆனால் பெயர் கேட்க நேரமில்லாதவர்கள் எங்கள் எல்லாருக்கும் பொதுவாகப் போட்ட சொல்லாக அது மாறியிருந்தது. நண்பா என்று ஆயிரம் பேர் கூப்பிட்டும் ஒருவர்கூட நண்பராக இல்லாத ஊரில் இருந்து பாருங்கள், அதன் வலி தெரியும்.

1998 கோடை. வெயில் 48 டிகிரி. இன்று சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அன்று எங்களுக்கு அந்த நிழல் இல்லை. ஒரு நாள் மாலை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஊரிலிருந்து போன். அப்பா போய்விட்டார். நாட்டை விட்டு வெளியேற வேண்டுமானால் முதலாளி கையெழுத்துப் போட்ட அனுமதி வேண்டும். முதலாளி ஊரில் இல்லை. ஆள் குறைவு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் இங்கே கொள்ளி வைத்தாகிவிட்டது. தம்பிதான் வைத்தான்.

மறுநாள் காலை நாலரை மணி. போர்மேன் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார். அப்பாவின் பெயர். ஒரு முறை கூப்பிட்டார், இரண்டு முறை கூப்பிட்டார். எனக்குக் கை எழவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது கையைத் தூக்கி, இருக்கிறேன் என்றேன். இறந்துபோன அப்பாவின் பெயருக்கு நான் இருக்கிறேன் என்று சொன்ன அந்தக் காலையை இந்த வயதிலும் என்னால் கடந்து போக முடியவில்லை. 2021 மார்ச்சில் சவுதி அரசு சட்டத்தைத் திருத்தியது. பெரும்பாலான தொழிலாளர்கள் இப்போது முதலாளியின் ஒப்புதல் இல்லாமலேயே வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் செய்தியைப் படித்த நாளில் அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என்னோடு கேம்பில் இருந்தவர்களுக்கும் இப்படி ஆளுக்கொரு கதை உண்டு. அப்போது கைப்பேசி கிடையாது. கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர் பெட்டியில் கொடுத்து அனுப்புவோம். ஒருவருக்கு வீட்டிலிருந்து பதில் கேசட் வந்தது. மனைவி பேசி முடித்ததும் குழந்தையைப் பேசச் சொல்கிறார். "அப்பான்னு சொல்லும்மா." குழந்தை கேட்கிறது: "எங்கம்மா அப்பா, பெட்டிக்குள்ளயா இருக்காரு?" அந்தக் கேசட்டை அவர் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். சிரித்துக்கொண்டேதான் போட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

நமக்கெல்லாம் நெருங்கிய ஒரு துக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் 12. குவைத்தில் மங்காஃப் என்ற இடம். தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் புகையில் மூச்சடைத்தே பெரும்பாலும் இறந்தார்கள். ஜூன் 14 அன்று இந்திய விமானப்படை விமானம் ஒன்று 45 இந்தியர்களின் உடல்களைச் சுமந்துகொண்டு கொச்சியில் இறங்கியது. அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த ஏழில் ஒருவர் நம் செஞ்சியைச் சேர்ந்தவர்.

முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத நிலையில் மரபணுச் சோதனை செய்தார்கள். இங்கே வீடுகளில் பெயர்ப் பட்டியலுக்காகக் காத்திருந்தார்கள். பட்டியலில் நம் ஆள் பெயர் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே காத்திருந்தார்கள். உயிரோடு இருக்கும்போது ரஃபீக் என்றும், அறை எண் என்றும், படுக்கை எண் என்றும் அறியப்பட்ட மனிதர்களின் முழுப்பெயரை உலகம் அன்றுதான் உச்சரித்தது. அவர்களை நினைத்து ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாம்.

(அவையினர் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினர்.)

நன்றி. உட்காருங்கள்.

இந்தப் பட்டியல் வழக்கம் நேற்று வந்ததில்லை. 1860 அக்டோபரில் டுரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். 1911 வரை நேட்டாலுக்கு ஒன்றரை லட்சம் பேர் இப்படிப் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்துக்காரர்கள். நம் வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு. தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். எழுதியதே பெயராகிவிட்டது.

கவுண்டர் என்பது அங்கே கவெண்டர் ஆனது. முதலி மூட்லி ஆனது. படையாச்சி பதயாச்சி ஆனது. படையாச்சி என்ற பெயர் எந்த வட்டாரத்துப் பெயர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று டர்பனில் அந்தப் பெயரோடு பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். பலருக்குத் தமிழ் பேசத் தெரியாது. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். தங்கள் ஊர் எது என்று தேடுகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டுவது அந்தக் கப்பல் பட்டியல்தான். எண்ணாக்கி அனுப்பிய அதே தாளில், ஒரு மூலையில், கொள்ளுப்பாட்டனின் ஊர்ப்பெயர் கிடைக்கிறது. ஒரு பெயரைச் சரியாக எழுதி வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

துன்பத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பயனும் நிறைய உண்டு. நன்றி மறந்து பேச மாட்டேன்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015-இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின்படி ஏறத்தாழ 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாடுகளில் இருந்தார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் எத்தனை கூரைகள் மாடி வீடாயின, எத்தனை தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது, எத்தனை பிள்ளைகள் பொறியியல் படித்தார்கள்! என் வீட்டிலும் நடந்தது. ஏரிப்பாசனம் பொய்த்து, கிணறு வற்றி, மணிலாக் கடலை விதைத்தால் விதைக்காசும் தேறாத ஆண்டுகளில் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்த ரியால்தான்.

இரண்டாவது பயன், சோறு. எங்கள் அறையில் எட்டுப் பேர். இரண்டு தமிழர், மூன்று மலையாளிகள், ஓர் ஆந்திரக்காரர், ஒரு வங்கதேசத்தவர், ஒரு பாகிஸ்தானியர். முறை வைத்துச் சமைப்போம். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவோம். என்னோடு இருந்த இன்னொரு தமிழரும் நானும் ஒரே தாலுகா. ஆனால் ஊரில் இருந்திருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் நானோ, என் வீட்டுத் திண்ணையில் அவரோ உட்கார்ந்திருக்க மாட்டோம். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் பிறந்தவர்கள் இருவரும். கடல் தாண்டிப் போய்த்தான் ஒரு தட்டில் சாப்பிட்டோம். இதை வெட்கத்தோடும் சொல்கிறேன், நன்றியோடும் சொல்கிறேன். இன்றும் அவர் வீட்டுப் பொங்கலுக்கு நான் போகிறேன், என் வீட்டுப் பொங்கலுக்கு அவர் வருகிறார்.

மூன்றாவது பயன், தொழில். எங்கள் போர்மேன் எகிப்துக்காரர். கடுமையான மனிதர். ஒருநாள் பெரிய பேனல் போர்டு ஒன்றில் கோளாறு. இரண்டு நாள் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் இரவு முழுக்க ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். விடிந்ததும் அவர் வந்து பார்த்தார். பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது உன் அப்பா பெயர் என்று சொல்கிறார்களே. உன் பெயர் என்ன?" சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நாக்கு வளையவில்லை. மூன்று முறை சொல்லிப் பழகினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்த காலை அது. சம்பளமும் 200 ரியால் கூடியது. எனக்கு நினைவில் பெரிதாக நிற்பது அந்தப் பெயர்தான்.

நான்காவது பயன் சிங்கப்பூரில் கிடைத்தது. அந்த நாட்டுக்கு ஆட்சிமொழிகள் நான்கு. தமிழ் அவற்றில் ஒன்று. விமான நிலையத்தில் இறங்கியதும் சுவரில் தமிழ் எழுத்தைப் பார்த்தேன். வேலையிடத்தில் அபாயம் என்ற எச்சரிக்கை தமிழில் இருந்தது. அப்போது நாற்பது லட்சம், ஐம்பது லட்சம் பேர் வாழ்ந்த தீவில் சிறுபான்மையான நம் மொழிக்கு அந்த இடம் தானாகக் கிடைக்கவில்லை. திருவாரூரிலிருந்து போன கோ. சாரங்கபாணி 1935-இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். 1952-இலிருந்து தமிழர் திருநாள் கொண்டாடச் செய்தார். சாதி சாதியாகச் சங்கம் வைத்திருந்தவர்களை ஒரு பந்தலுக்குக் கீழே கொண்டுவந்தார். குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளைத் தமிழ் படிக்க வையுங்கள் என்று ஓயாமல் எழுதினார். போன இடத்தில் கூடி நின்றால் ஒரு மொழிக்கே பெயர் வாங்கித் தர முடியும் என்பதற்கு அந்த நாடு சாட்சி.

ஆனால் திரும்பி வந்தவனுக்கு ஒரு துன்பம் மீதம் இருக்கிறது. அது நம் கையால் நடப்பது. விடுமுறையில் ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிர்ப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எப்பப்பா வந்த?" அடுத்த கேள்வி, "எப்பப் போற?" நடுவில் எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர் அரிது. அங்கே நான் ரஃபீக். இங்கே நான் சவுதிக்காரன், பிறகு சிங்கப்பூர்க்காரன். கோயில் நன்கொடைக்கு வருகிறவர்களும், கைமாற்றுக்கு வருகிறவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாசலில் நின்றார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அம்மா ஒருத்திதான். தாய்மார்களே, உங்கள் பிள்ளை போனில் பேசும்போது பணம் வந்ததா என்ற பேச்சுக்கு முன்னால், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அவன் அதற்காகத்தான் போனை வைக்காமல் இருக்கிறான்.

போகப்போகிற இளைஞர்களுக்கு நான்கு வார்த்தை. உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே எழுத்தில் எழுதி வையுங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி தேவை. அதனால் எந்த வேலையாக இருந்தாலும் பத்தாவதை முடித்துவிட்டுப் போங்கள். அரசிடம் பதிவு செய்த முகவரா என்று பாருங்கள். அவர் வாங்கலாம் என்று சட்டம் சொல்லும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். 10 லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய காப்பீடு சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. அயலகத் தமிழர்களுக்கென்று தனித் துறையும் நல வாரியமும் இருக்கின்றன. உறுப்பினராகப் பதிந்துவிட்டு விமானம் ஏறுங்கள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய பட்டியல் அதுதான்.

இப்போது தேசிங்குக்குத் திரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் செஞ்சியில் ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் இலை போட்டான். ஜார்க்கண்ட் பக்கம். சுற்றிலும் எல்லாரும் அவனை, "ஏய் இந்தி, தண்ணி கொண்டா" என்றார்கள். அவன் முகம் எனக்குத் தெரிந்த முகம். முப்பது ஆண்டுகளுக்கு முன் தம்மாமில் கண்ணாடியில் பார்த்த முகம். சவுதியில் கற்ற இந்தியில் அவன் பெயரைக் கேட்டேன். கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று சொன்னான். பெயர் சொல்வதற்கு யாராவது நிமிர்ந்து நிற்பார்களா? அவன் நின்றான். அந்தப் பெயரை மேடையில் சொல்ல அவனிடம் நான் அனுமதி கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இங்கே வந்து ஏழு மாதம் ஆகிறது, நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள் என்றான்.

நம் அரிசி ஆலைகளிலும், கட்டட வேலைகளிலும், செங்கல் சூளைகளிலும், சாலைப் பணிகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்களுக்கும் வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கிறது. போனில் முகம் பார்க்கும் குழந்தை இருக்கிறது. அடக்கத்துக்குப் போக முடியாத சாவுகள் இருக்கின்றன. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் நம் ரேஷன் கடையில் அவர்களும் அரிசி வாங்கலாம். சட்டம் கொடுப்பதைச் சட்டம் கொடுக்கட்டும். நாம் கொடுக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. நாம் குவைத்திலும் தம்மாமிலும் எதற்காக ஏங்கினோமோ அதை நம் ஊர்த் தெருவில் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

பந்தேல்கண்டிலிருந்து வந்தவரின் பிள்ளையைத் தேசிங்கு என்று கூப்பிட்டு முந்நூறு ஆண்டாகப் பாடிக்கொண்டிருக்கிறோம். அந்த மண்ணில் இருந்துகொண்டு, சோறு போடும் பையனை இந்தி என்று கூப்பிடுவது நமக்கு அழகில்லை. பெயர் வாயில் நுழையவில்லையா? தேஜ்சிங்கும்தான் நுழையவில்லை. வளைத்துக் கூப்பிடுங்கள், தவறில்லை. ஆனால் அவன் பெயரை வளைத்துக் கூப்பிடுங்கள்.

நாளைக் காலையில் தேசூருக்கோ செஞ்சிக்கோ போகும்போது, வழியில் வேலை செய்துகொண்டிருக்கும் வெளிமாநிலத்தவர் ஒருவரையாவது நிறுத்திப் பெயர் கேளுங்கள். ஊர் எது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் உங்கள் நெஞ்சில் கைவைத்து முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர் புரிந்துகொள்வார்.